இடக்காலைத் தூக்கிய சக்கரம்

என் நாட்குறிப்பில் சனிக்கிழமை என்பது தெளிவாக இருக்கிறது. தேதியை மழைநீர் கரைத்துவிட்டது. ஆண்டை ஊகித்து எழுத மனமில்லை. ரப்பர் விலை படுத்துக் கிடந்த முப்பதுகளின் முற்பகுதி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மலாக்கா டவுனில் நானும் ஒரு வாத்தியாரும் ஒரே கடைவீட்டு மாடியில் குடியிருந்தோம். நான் அரசாங்க ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. அவர் புக்கிட் காத்தில் மேட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்குத் தினமும் சைக்கிளில் போய்வந்தார். சிறு வயதுக் காய்ச்சலில் அவருடைய இடக்கால் சூம்பிப்போயிருந்தது. நடந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். சைக்கிளில் ஏறிவிட்டால் யாருக்கும் தெரியாது. அது பழைய ஃபிக்ஸ் வீல் சைக்கிள். சக்கரம் சுற்றும்வரை மிதியும் சுற்றும். வாரால் கட்டிய அந்தக் காலை மிதியே மேலே தூக்கும், கீழே இறக்கும், மறுபடி தூக்கும்.

பின்பக்கத்துப் பல்சக்கரம் தேய்ந்து, மேட்டில் சங்கிலி வழுக்கத் தொடங்கியது. மூன்று நாள் பள்ளிக்குப் பிந்திவிட்டார். திங்கட்கிழமையும் பிந்தினால் வேறு வாத்தியார் வருவார் என்று தோட்டத்துத் துரை சொல்லியனுப்பினார்.

அந்தச் சனிக்கிழமை நானும் அவரோடு சைக்கிள் கடைக்குப் போனேன். கடை முதலாளியான சீனர் புது ஃப்ரீவீல் ஒன்றை எடுத்து நீட்டினார். "இதப் போடுலா வாத்தியார். இறக்கத்துல கால ஆட்டவே வேணாம்."

"ஆட்டாட்டி என் கால் செத்துடும் தவுக்கே."

பழைய சாமான் பெட்டியைக் கிளறியதில் பதினெட்டுப் பல் வைத்த பல்சக்கரம் ஒன்று அகப்பட்டது. சைக்கிளில் இருந்தது பதினாறு. பெரியதைப் போட்டால் மேடு லேசாகும். ஆனால் பழையதைக் கழற்றும் கருவி கடையில் இல்லை. சைக்கிளையும் அதையும் வீட்டுக்கு எடுத்து வந்தோம்.

பல்சக்கரம் சக்கரக் குடத்தின் மரையில் திருகி ஏறியிருந்தது. அது கழலாமல் வெளியே ஒரு வளையம் பிடித்திருந்தது. வளையத்தின் காடியில் உளியை வைத்து இடப்பக்கமாகத் தட்டினேன். மரை என்றால் இடப்பக்கம்தானே கழலும்? அரை மணி நேரம் தட்டினேன்.

"அண்ணே, நிறுத்துங்க. நீங்க கழட்டல, இறுக்குறீங்க."

"எப்படிச் சொல்றீங்க வாத்தியாரே?"

"நான் காலால அமுக்கி வண்டிய நிறுத்துறப்போ பல்சக்கரம் இடப்பக்கம் கழலப் பாக்கும். வளையமும் அதே பக்கம் கழலுமுன்னா ரெண்டும் சேந்து என்னிக்கோ போயிருக்கும். போகலையே! அப்ப வளையம் வலப்பக்கந்தான் கழலணும்."

"நான் படிச்ச ஒரு புஸ்தகத்துலயும் இது இல்லையே."

"புஸ்தகத்துக்குக் கால் இருக்கா?"

வலப்பக்கம் நாலு தட்டு. வளையம் அசைந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கோ ஒரு தேசத்தில் இதைச் செய்தவன், ஓட்டுகிறவன் கால் என்ன செய்யும் என்று முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருக்கிறான். அவன் நினைத்ததை இவர் காலால் கண்டுபிடித்துவிட்டார்.

பிறகு பழைய சங்கிலித் துண்டு ஒன்றைப் பல்சக்கரத்தில் சுற்றி, மறுமுனையை மிதியின் அச்சு ஓடும் குழாயில் இறுக்கிக் கட்டினார். சக்கரத்தை முன்பக்கமாக உருட்டச் சொன்னார். பல்சக்கரம் நகர வழியில்லை. சக்கரம் மட்டும் சுற்றியது. டக் என்று ஒரு சத்தம். கழன்றுவிட்டது! பல்சக்கரத்தைக் கழற்ற அந்தச் சக்கரமே நெம்புகோலாக நின்றதை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதியதைக் கையால் திருகினோம். கை பலம் போதாது. மேட்டில் மிதித்தால்தான் அது முழுதாக இறுகும். அதற்குப் பிறகே வளையத்தைப் போட வேண்டும் என்றார். அதுவரை காலால் நிறுத்தினால் பல்சக்கரம் கழன்றுவிடும். முன்பிரேக்தான் துணை.

ஞாயிறு காலை புக்கிட் காத்தில் மேட்டில் ஏறினார். நான் என் ஃப்ரீவீல் சைக்கிளில் பின்னால் போனேன். சங்கிலி வழுக்கவில்லை. வலக்கால் மிதிக்க மிதிக்க, அந்தச் சூம்பிய கால் சீராக உயர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. எது நல்ல கால் என்று பின்னாலிருந்து எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. பாதி மேட்டில் நான் இறங்கித் தள்ள ஆரம்பித்தேன்.

"என்னண்ணே, ரெண்டு காலும் இருந்து நடந்து வர்றீங்க?" உச்சியிலிருந்து குரல் வந்தது.

நான் மேலே போய்ச் சேர்ந்ததும் அதே சங்கிலித் துண்டைச் சுற்றி, இரு கையாலும் பல்சக்கரத்தைக் கழலும் பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன். மயிரிழைகூட அசையவில்லை. என் சுத்தியலை வீட்டிலேயே விட்டு வந்திருந்தேன், நல்லதாகப் போயிற்று. வளையத்தை இடப்பக்கமாகத் திருகி, அவர் உளியை வைத்து ஒரு கல்லால் மெல்லத் தட்டி இறுக்கினார்.

திங்கட்கிழமை பிள்ளைகள் வருவதற்கு முன்பே அவர் பள்ளியில் இருந்தார்.