பக்கத்து இருக்கையிலிருந்து நீளும் கை

எனக்குக் கார் ஓட்டப் பழக்கியவர் அவர். கறுப்புக் கண்ணாடி, மடிப்புக் கலையாத சட்டை. பண்டார் தெங்காராவின் செம்பனைத் தோட்டச் சாலையில் ஒவ்வொரு வளைவிலும் அவர் கை நீண்டு ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திருப்பிவிடும்.

“பொறவியிலயே பயந்த சுபாவம்லா உங்களுக்கு, தங்கச்சி.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஒரு வளைவுலயாச்சும் என்னைத் திருப்ப விட்டீங்களாண்ணே?”

“விட்டா மோதிடுவீங்க.”

லைசென்ஸ் சோதனை நாளில் அவருக்குக் காரில் இடமில்லை. அதிகாரிதான் பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லா வளைவிலும் நானே திருப்பினேன். தேறினேன்.

“அதிர்ஷ்டம்லா,” என்றார் எனக்குப் பழக்கியவர்.

இப்போதும் அவர் கார் எதிரே வந்தால், ஓட்டிப் பழகுகிற பெண்ணின் முகத்தை நான் பார்ப்பதில்லை. அவர் கையைத்தான் பார்க்கிறேன். அது ஸ்டீயரிங்கில்தான் இருக்கிறது. இன்னொரு பயந்த சுபாவம் அங்கே தயாராகிக்கொண்டிருக்கிறது.