அன்னத்தாய்க்கு யானைத் தீவில் வந்த சாமி

தாராவியில் மே மாதம் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு ஊர்க்காரர்கள் வந்து இறங்குவார்கள். எட்டுக்குப் பத்து அறையில் பதினொரு பேர் படுத்து எழுந்து, முதல் நாள் கடல் பார்த்து, இரண்டாம் நாள் மகாலட்சுமி கோயில் பார்த்து, மூன்றாம் நாள் எலிபெண்டாவுக்குக் கிளம்புவார்கள். நம்மவர்களுக்கு அது யானைத் தீவு. பம்பாயின் எத்தர்களில் பாதிப் பேர் அந்த ஒரு மாதம் அந்தத் தீவில்தான் குடியிருந்தார்கள். ஆகவே வீட்டுக்காரர்கள் விருந்தாளியிடம் சொல்வது ஒன்றுதான்: "அன்னத்தாயைக் கூட்டிக்கிட்டுப் போங்க."

அன்னத்தாய் முறுக்கு சுட்டு மாட்டுங்கா கடைகளுக்குப் போடுகிறவள். கணவர் சுயம்புவுக்குக் குர்லாவில் ஒரு லேத்துப் பட்டறையில் வேலை. தீவில் ஏமாறாமல் போய்வரும் வித்தையை அவள் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. கல்யாணமான புதிதில் இருவரும் லாஞ்சில், அதாவது மோட்டார் படகில், அங்கே போனபோது, "கடைசி லாஞ்சு போயாச்சே!" என்று ஒருவன் பரிதாபப்பட்டான். புதுப்பெண் அழுதாள். படகுக்காரன் ஒருவன் இரக்கப்பட்டு, அவள் காதிலிருந்த கம்மலை வாங்கிக்கொண்டு ஏற்றிக்கொண்டான். படகு பாறையைச் சுற்றித் திரும்பியது. அங்கே நின்றுகொண்டிருந்தது கடைசி லாஞ்சு! ஜனங்கள் அதில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா வீட்டில் போட்டு அனுப்பிய கம்மல்! அன்றைக்கு அந்தப் பெண் எடுத்த வைராக்கியத்தால், அதன்பின் அவளோடு போன ஒருவரும் அந்தத் தீவில் ஏமாந்ததில்லை.

இந்தக் கதை 1965இல் நடந்தது. அந்த மே மாதம் அன்னத்தாய் கூட்டிப்போன விருந்தாளிகள் சாதாரண விருந்தாளிகள் அல்ல. மகள் சந்திரலேகாவைப் பெண் பார்க்க அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்தார்கள். பையன் சங்கரநாராயணன் பம்பாயிலேயே பாண்டுப்பில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். தங்கமான பையன். அப்பா பிரம்மநாயகம் பாத்திரக்கடை முதலாளி. அம்மா முப்பிடாதியம்மாள் அதிகம் பேசாதவள்.

கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டு முடித்த பிரம்மநாயகம் சொன்னார்: "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. ஆனா பம்பாயில வளந்த பிள்ள. ஒருத்தன ஒருத்தன் ஏச்சிப் பொழைக்கிற ஊருல்லா இது? ஞாயித்துக்கிழமை பெரியவங்க நாலு பேரும் தீவுக்குப் போயிட்டு வருவோம். பழகிப் பாத்து முடிவு சொல்லுதேன். என்னைய மட்டும் ஒருத்தன் ஏமாத்திர முடியாது, பாத்துக்கிடுங்க."

'பம்பாயில் வளர்ந்த பிள்ளை' என்று சொல்லியே முன்பு இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால்? ஞாயிறு வரைக்கும் அன்னத்தாய் சுட்ட முறுக்கில் பாதி கருகியது.

ஞாயிறு காலை, தீவுக்கு லாஞ்சு கிளம்பும் அப்பல்லோ பந்தரில் திருவிழாக் கூட்டம். இறங்கிய ஐந்தாவது நிமிடம் ஒருவன் "ஸ்பெஷல் லாஞ்ச், சேட்!" என்று இரண்டு சீட்டை நீட்ட, பிரம்மநாயகம் பர்ஸைத் திறந்துவிட்டார்.

"அண்ணாச்சி, அது மாகிம் போற பஸ் டிக்கெட்டு" என்றாள் அன்னத்தாய் மெதுவாக.

"எனக்குத் தெரியாமலா? எப்படி ஏச்சுதான்னு சும்மா பாத்தேன்."

லாஞ்சுக்கார ஹமீது அவளைத் தூரத்திலேயே பார்த்து, "ஆவோ மவ்ஷி!" என்று சித்தி முறை வைத்துக் கூப்பிட்டுக் கையசைத்தான். அவன் லாஞ்சைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவள் டிக்கெட் எடுத்தாள். திரும்பி வரும் டிக்கெட்டையும் எல்லோருக்குமாக வாங்கித் தன் இடுப்பில் சொருகிக்கொண்டாள். தீவில் இறங்கியதும் நாற்காலியில் வைத்துத் தூக்கிப்போகும் டோலிக்காரர்கள் பிரம்மநாயகத்தின் தொந்தியைக் கண்டு ஓடிவந்தார்கள்.

"ஏறாதிய அண்ணாச்சி. மேல போக ஒரு கூலி சொல்லுவான். பாதிவழியில எறக்கி வச்சிட்டு இன்னொண்ணு சொல்லுவான்."

"எனக்குத் தெரியாமலா?" என்று ஏறப்போன காலைக் கீழே வைத்தார் அவர்.

"இவுக கனத்துக்கு அவன் ரெண்டு கேட்டா நியாயந்தான்" என்றாள் முப்பிடாதியம்மாள்.

குகைக்குள் மூன்று முகத்தோடு இருந்த சிவனைக் கண்டு பிரம்மநாயகம் கண் கலங்கிவிட்டார். வெளியே வந்ததும் சுயம்புவிடம் குறைப்பட்டுக்கொண்டார். "என்னய்யா இது, ஒம்ம வீட்டுக்காரி என்னைய ஒண்ணாங்கிளாஸ் பிள்ள மாதிரி கூட்டிட்டுத் திரியுதா? நான் கொஞ்சம் காலாற நடந்துட்டு வாரேன்."

போனவர் அரைமணி கழித்துத் திரும்பினார். முகத்தில் ஒரு ஜோதி. வேட்டி மடியில் தேங்காயளவுக்கு ஒரு புடைப்பு. ரகசியத்தைச் சுயம்புவின் காதில் சொன்னார். சுயம்புவுக்கு ரகசியம் காக்கும் பழக்கம் இல்லை.

"அன்னம், அண்ணாச்சிக்கு அடிச்சது யோகம்! மேல விபூதி பூசிக்கிட்டு ஒருத்தரு, 'அண்ணாச்சிக்கு எந்த ஊரு?'ன்னு கேட்டாராம். இவரு ஊரச் சொன்னதும் கையப் பிடிச்சிக்கிட்டு அழுதுட்டாராம். அவருக்குப் பாவநாசமாம்! குகையில தோண்டி எடுத்த லிங்கமாம். வேற ஆளுக்கு விக்க மனசில்லன்னு..."

"பேரு ஜம்புன்னு சொன்னானா?"

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

அன்னத்தாய் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எந்தப் பாஷையில் யார் வந்து பேசினாலும் சந்தேகப்படுகிற நம்மவர்கள், 'எந்த ஊரு' என்று கேட்டவனிடம் மட்டும் நெஞ்சைத் திறந்து கொடுத்துவிடுவார்கள். ஜம்புவின் பிழைப்பே அந்த இரண்டு வார்த்தைதான். அதோடு முடிவதும் இல்லை. கீழே படகுத்துறையில் அவனுடைய கூட்டாளி காக்கி அரை டிரவுசர் போட்டு நிற்பான். எந்த ஆபீஸையும் சேராத ஆள். கல்லோடு வருகிறவனை மடக்கி, "சர்க்கார் கல்லைத் திருடினாயா? ஜெயில்!" என்று கூட்டத்தின் நடுவில் மடியை அவிழ்த்துப் பணம் கறப்பான். போன மே மாதம் மாட்டுங்காவிலிருந்து தனியாக வந்த வேங்கடசுப்ரமணியன், ஓய்வுபெற்ற ஹெட்கிளார்க், அப்படி மாட்டிக்கொண்டு குழந்தைபோல் அழுததை அவள் பார்த்திருந்தாள்.

"அண்ணாச்சி, ஏமாந்துட்டிய" என்று சொல்லலாம். சொன்னால் அந்த மனிதர் பெண்டாட்டி முன் தலை குனிவார். குனிந்த தலையோடு ஊருக்குப் போகிறவர் இந்த வீட்டில் பெண் எடுப்பாரா? சொல்லாவிட்டால் காக்கிக்காரன் சொல்வான், ஆயிரம் பேருக்கு நடுவில். துறைக்கு இறங்கும் படிகளில் ஒரு தாயின் நெஞ்சு பட்ட பாடு எதிரிக்கும் வேண்டாம்!

பாதிப் படி இறங்கியாயிற்று. படகுத்துறை தெரிந்தது. காக்கிக்காரன் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு நிமிர்ந்து நின்றான்.

"ஏஏஏய்!"

கத்தியது அன்னத்தாய்தான். கொண்டை அவிழ்ந்து தலைமுடி பறந்தது. உடம்பு கிடுகிடுவென்று ஆடியது.

"எவன்லே அவன்? என் கல்ல எடுத்து மடியில கட்டிட்டுப் போறவன் எவன்லே?"

படியில் வந்துகொண்டிருந்த ஜனமெல்லாம் நின்றது. ஒரு குஜராத்திக் குடும்பம் கேமராவை எடுத்தது. சுயம்பு சாப்பாட்டுத் தூக்கைப் போட்டுவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "தாயே! நான் இல்ல தாயே! அவருதான்!"

முப்பிடாதியம்மாள் மட்டும் பதறவில்லை. கோயில்கொடைத் திருவிழாவில் கேட்பதுபோல் முன்னால் வந்து கேட்டாள். "வந்திருக்கது யாரு தாயி? பேரச் சொல்லணும்."

சாமி வந்தால் பேர் சொல்ல வேண்டும் என்பதை அன்னத்தாய் யோசிக்கவே இல்லை. ஒரு கணம் ஆட்டம்கூடத் தடுமாறியது.

"பேரா கேக்க? மலைக்குப் பேரு கேப்பியா, காத்துக்குப் பேரு கேப்பியா? எடுத்த எடத்துல கொண்டு வைக்கச் சொல்லு! கடல் தாண்டினா குடலப் பிடுங்கிருவேன்!"

டோலியில் ஏறப்பார்த்த அதே பிரம்மநாயகம் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினார். கல்லைக் குகை வாசலில் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தபோது சாமி மலையேறியிருந்தது. அன்னத்தாய் ஒன்றும் தெரியாதவள்போல் தண்ணீர் கேட்டாள்.

துறையில் காக்கிக்காரன் வழிமறித்தான். "ருக்கோ சேட்! மடியில் என்ன கல்? காட்டு!"

கல் விஷயம் இவனுக்கு எப்படித் தெரிந்தது என்று பிரம்மநாயகம் கேட்டிருக்க வேண்டும். அவருக்கு அது தோன்றவில்லை. சாமி தன்னைத் தக்க சமயத்தில் தடுத்தது மட்டும்தான் தோன்றியது. சிங்கமாகிவிட்டார். மடியை உதறினார். தூக்குச்சட்டியைத் திறந்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினார். "தேடுடே! நல்லாத் தேடு!" உள்ளே எலுமிச்சை ஊறுகாய்தான் இருந்தது. கூட்டம் சிரித்தது. காக்கிக்காரன் நழுவினான்.

லாஞ்சு கிளம்பியதும் அன்னத்தாய் ஒரு மூலையில் போய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பொய்யாகச் சாமி ஆடிவிட்டாளே! முப்பிடாதியம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மயினி, சாமி வந்தா கண்ணு மேல சொருகும். ஒங்க கண்ணு அந்தக் காக்கிக்காரன் மேலயே இருந்துச்சே?"

அன்னத்தாய் முந்தானையை இறக்கினாள். "மயினி... நான் வேணும்னு..."

"சத்தம் போடாதிய. இவுக மடியப் பாத்தப்பமே எனக்குத் தெரியும், எவனோ தலையில கட்டிட்டான்னு. என்ன செய்யதுன்னு நானும் முழிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு நிமிசம் நீங்க பொறுத்திருந்தா நான் ஆடியிருப்பேன்."

"நீங்களா?"

"பின்ன? முந்நூறு செம்புப் பானைய ஒருத்தன நம்பி இவுக கடனுக்குத் தூக்கிக் குடுக்கப் போனாவ. அன்னைக்கு எனக்கு வந்துச்சு. தங்கம் காய்ச்சுதேன்னு ஒரு சாமியார் வந்தான். அன்னைக்கும் வந்துச்சு. இருபத்தாறு வருசமா வந்துக்கிட்டுத்தான் இருக்கு."

"சாமி குத்தம் ஆயிராதா மயினி?"

"ஆனா ரெண்டு பேருமாச் சேந்து அனுபவிப்போம். ஒண்ணுக்குள்ள ஒண்ணாகப் போறோம்லா?"

அன்னத்தாய் அழுதாள். அழுகை பாதியில் சிரிப்பாக மாறிவிட்டது. அந்த நேரம் பார்த்து பிரம்மநாயகம் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்து, ஒரு எட்டு தள்ளியே நின்றார். மரியாதை!

"சாமி இறங்குத வீட்டுப் பொண்ணு பம்பாயில வளந்தா என்ன, சீமையில வளந்தா என்ன? எனக்குப் பரிபூரண சம்மதம். ஆவணியில வச்சிருவோம்." பிறகு மனைவியைப் பார்த்தார். "ஏளா, நம்ம வீட்டுல ஒரு சாமியாடி, சம்பந்தி வீட்டுல ஒரு சாமியாடி! இனி நம்மள எவனாவது ஏமாத்த முடியுமா?"

"எவனாலயும் முடியாது" என்றாள் முப்பிடாதியம்மாள். அன்னத்தாய் சட்டென்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆவணியில் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. சுயம்பு மட்டும் அன்றிலிருந்து மனைவியை 'நீங்க' என்று கூப்பிட ஆரம்பித்தார். "வென்னி போட்டுத் தரட்டுமாங்க?" என்று காலையில் கேட்பார். உண்மையைச் சொல்லிவிடத்தான் அன்னத்தாய் நினைத்தாள். தீபாவளி வரைக்கும் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.