காக்கித் தொப்பியும் கலியாணப் படமும்

இருபத்தொன்பது வயதில் என் தலை முன்பக்கமாகக் காலியாகத் தொடங்கியது. லண்டன் தண்ணீர் என்றார்கள், குளிர் என்றார்கள், பெற்றோல் ஷெட்டில் இரண்டு ஷிப்ட் அடித்தால் தலைமயிர் எப்படி நிற்கும் என்றார்கள். ஒருவர் சொன்ன எண்ணெயும் சரிவரவில்லை. எண்பதுகளின் நடுப்பகுதி அது. மனோர் பார்க்கில் ஒரு வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் அதிக நேரம் நின்று மற்றவர்களிடம் ஏச்சு வாங்கியவன் நான்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஊரில் அக்கா எனக்குப் பெண் பேசினாள். சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ரீச்சர். அவளுடைய படம் வந்தது. யாரோ கூப்பிட்டதுபோல ஒரு பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தை நான் எத்தனை தரம் எடுத்துப் பார்த்தேன் என்று சொன்னால் வெட்கக்கேடு. இவள்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தது. பெண் வீட்டார் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்று: மாப்பிள்ளையின் இப்போதைய படம்.

என்னிடம் இருந்த படங்கள் எல்லாம் தலை நிறைய மயிர் இருந்த காலத்தவை.

வீட்டில் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர் ஒருவர் இருந்தார். அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். கமரா வைத்திருந்தவர் அவர் மட்டும்தான். அதனாலேயே எல்லா விஷயத்துக்கும் யோசனை சொல்லும் உரிமையும் அவருக்கு வந்துவிட்டது.

"டேய், இப்ப குளிர்காலம்தானே. தொப்பியைப் போட்டுக்கொண்டு நில். ஆர் கேக்கப்போறான்?" என்றார்.

சனிக்கிழமை பழைய சாமான் சந்தைக்குப் போனேன். ஸ்கொட்லாந்துக்காரக் கிழவர் ஒருவர் மேசை நிறையக் கம்பளித் தொப்பிகளைப் பரப்பி வைத்திருந்தார். எல்லாவற்றின் உச்சியிலும் ஒரு கம்பளி உருண்டை. ஒன்று நீலம், தட்டையானது. உருண்டை சிவப்பு, பின்னால் இரண்டு கறுப்பு நாடாக்கள் தொங்கின. இன்னொன்று கவிழ்த்த தோணிபோல நீளமாக, விளிம்பில் சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள். மூன்றாவது காக்கி. தோசைக்கல் அகலம், உருண்டையும் காக்கி, இடது பக்கத்தில் கட்டம் போட்ட துணித்துண்டு, அதன்மேல் ஒரு பித்தளைச் சின்னம்.

எது யாருடையது என்று கேட்டேன். கேட்டது என் பிழை. நீலத்தை அந்தக் காலத்தில் உழவர்களும் ஆடு மேய்ப்பவர்களும் போட்டார்களாம்; பிறகு பட்டாளமும் போட்டதாம்; இப்போது கலியாண வீட்டுக்கும் போடலாமாம். தோணித் தொப்பி பட்டாளத்தினுடையதாம், ஆனால் பைப் என்ற வாத்தியம் ஊதுகிறவர்களும் போடுவார்களாம். காக்கி அசல் பட்டாளத் தொப்பியாம், ஆனால் அதே வடிவத்தை வேறு நிறத்தில் தைத்தால் கிழவர்களும் பெண்களும் குளிருக்குப் போடலாமாம். எனக்கு விசர் பிடிக்காத குறை. அப்படியென்றால் எது யாருடையது? உச்சியில் விளையாட்டுப் பந்தை ஒட்டிக்கொண்டு எந்தப் பட்டாளம் சண்டைக்குப் போகும்? எனக்குத் தெரிந்த ஆமிக்காரர் ஒருவரின் தொப்பியிலும் உருண்டை இருந்ததில்லை. மனுசன் வியாபாரத்துக்காக அளக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

காக்கியைத்தான் எடுத்தேன். பட்டாளமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, அதுதான் அகலம். வலது காதுப் பக்கம் இழுத்துவிட்டால் வழுக்கை முழுவதும் மறைந்தது.

பனி பெய்து விட்டிருந்த ஒரு காலையில், பக்கத்து வீட்டுக்காரரின் காருக்கு முன்னால் நின்றேன். கோட்டுப் பொத்தான் கழுத்துவரை, கை இரண்டும் நேராக. "சிரியாத, மாப்பிள்ளை மாதிரி நில்" என்றார் அண்ணை. படம் வந்ததும் ஐந்து பேரும் கூடிப் பார்த்தோம். ஐந்து பேரும் யாழ்ப்பாணத்தார். "கம்பீரமாயிருக்கடா" என்றார்கள். ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டோம்.

மூன்று மாதம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு அக்காவின் கடிதம் வந்தது. "தம்பி, உந்தப் படத்தை ஏன் அனுப்பினனி? உனக்கு விசரோ? அந்தப் பிள்ளையின்ர தாய் படத்தைக் கண்டு மயங்கி விழுந்திட்டா. அவையின்ர வீட்டில பெரிய கரைச்சல். மிச்சம் எழுத ஏலாது."

அந்தக் காலத்து ஊர்க் கடிதங்களில் விபரம் இருக்காது. வந்து சேர முதல் எத்தனை கை பிரித்துப் படிக்கும் என்று தெரியாததால், எல்லோரும் பாதியோடு நிறுத்திவிடுவார்கள். மீதியை நாங்கள்தான் ஊகிக்க வேண்டும். நான் என்னத்தை ஊகிப்பது? படத்தின் பிரதியை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். தொப்பிக்குக் கீழே வழுக்கை எங்காவது எட்டிப் பார்க்கிறதா? இல்லை. அப்படித் தெரிந்தாலும், ஒரு மொட்டைத் தலையைக் கண்டு மனுசர் மயங்கி விழுவார்களா? அண்ணையிடம் போய்க் கத்தினேன்.

"எல்லாம் உங்கட யோசனைதான் அண்ணை! ஒளிச்சதைக் கண்டுபிடிச்சிட்டினம்!"

"நான் படம் எடுத்தனான், உன்ர மூஞ்சையை நானோ செய்தனான்?" என்றார் அவர்.

முருகன் கோயிலுக்குப் போனேன். கலியாணம் சரிவந்தால் மொட்டை போடுகிறேன் என்று நேர்த்தி வைக்கவும் வழியில்லை. போடுவதற்குத் தலையில் ஏதாவது இருக்க வேண்டுமே. வீட்டுக்கு வந்து, வெட்கத்தை விட்டு, நேரே அவளுக்கே இரண்டு பக்கம் எழுதினேன். எனக்கு முன்தலையில் மயிர் இல்லை, இனி வளரும் என்ற நம்பிக்கையும் இல்லை, மறைத்தது பிழை, அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று எழுதினேன்.

அதற்கும் பதில் இல்லை. பிறகு அக்காதான் எழுதினாள்: பெண் மாமாவோடு கொழும்புக்கு வருகிறாள், இன்ன ஞாயிற்றுக்கிழமை, இன்ன நேரம், இந்த நம்பருக்கு ரெலிபோன் எடு. எடுத்தேன்.

"உங்கட கடிதம் கிடைச்சது," என்றாள். முதன்முதலாக அந்தக் குரல். "ஏன் தலைமயிரைப் பற்றி எழுதினனீங்கள்? ஆர் அதைக் கேட்டது?"

"அம்மா மயங்கி விழுந்தவ எண்டு அக்கா எழுதினவ."

"அது தொப்பியைக் கண்டு."

"தொப்பியையோ? அது சும்மா கம்பளித் தொப்பி. உச்சியில உருண்டைகூட இருக்கு. இஞ்ச கிழவன்மாரும் போடுறவை."



"எனக்கு ஒரு அண்ணா இருந்தவர். உங்கட அக்கா சொல்லேல்லையோ?"

"இல்லை."

"ஆமிக்காரர் வீட்டை வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனவை. காக்கித் தொப்பி, சின்னம் குத்தினது. அம்மா படலையில நிண்டு பாத்தவ. வந்தவையின்ர முகம் ஒண்டும் அவவுக்கு ஞாபகமில்லை, தொப்பிதான் ஞாபகம். அண்ணா இன்னும் வரேல்லை. உங்கட படத்தை அப்பா அடுப்புக்குள்ள போட்டிட்டார். ஆமி வீட்டைச் சோதிக்க வந்து, இந்தத் தொப்பிக்காரன் ஆர் எண்டு கேட்டால் நாங்கள் என்ன சொல்லுறது?"

ஊரில் இருந்தபோது பச்சை நிறக் காற்சட்டை ஒன்றைக் கொடியில் காயப்போட்டால் இயக்கக்காரன் என்று ஆமி பிடித்துவிடும் என்று பயந்தவன் நான். இரண்டு வருடம் லண்டனில் ரொட்டி சாப்பிட்டதும் எல்லாம் மறந்துபோயிற்று. ஐந்து பேர் அந்தப் படத்தைப் பார்த்தோம், ஐந்து எருமைகள். என்னையே செருப்பால் அடிக்க வேண்டும்போல இருந்தது.

"அப்ப... கலியாணம்?"

"இன்னொரு படம் அனுப்புங்கோ. தலையில ஒண்டும் இல்லாமல். அம்மாவிட்டைக் காட்டுறன். அவ ஓம் எண்டால் வாறன்."

தொப்பியைக் கிழவரிடமே கொண்டுபோய் வைத்தேன். ஏன் என்று கேட்டார். அளவில்லை என்றேன். இளந்தாரியாக இருந்தபோது தானும் பட்டாளத்தில் இதைத்தான் போட்டிருந்ததாகச் சொல்லி, உருண்டையைத் தட்டி நிமிர்த்தினார். ஒரு பொல்லாப்பும் இல்லாத மனுசர். அவரோடு கோபிப்பதா, தேத்தண்ணி குடிக்கக் கூப்பிடுவதா என்று விளங்காமல் நின்றுவிட்டு வந்தேன். அதே காருக்கு முன்னால், வெறுந்தலையோடு, வழுக்கை பளபளக்க அண்ணை இரண்டாவது படத்தை எடுத்தார். இந்தத் தடவை சிரி என்றார். வரவில்லை.

படம் போனது, ஓம் என்று பதில் வந்தது, அவளும் வந்தாள். அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தைரியம் வந்தது தொண்ணூறுகளில், நாங்கள் லண்டனிலேயே செவன் கிங்ஸ் பக்கம் ஒரு வீட்டுக்குக் குடிவந்த பிறகுதான். என் மொட்டைத் தலையைப் பார்த்து அம்மா என்ன சொன்னார்?

அவள் சொன்னாள்: "படத்தைக் கனநேரம் மடியில வைச்சுப் பாத்துக்கொண்டிருந்தவ. பிறகு, இந்தப் பிள்ளைக்குத் தலை குளிரப்போகுது, ஏதும் போடச் சொல்லு எண்டவ."