கிள்ளானிலிருந்து தலத்தெருவுக்கு

ஜூன் மாதம், செவ்வாய்க்கிழமை. காலை எட்டு நாற்பதுக்குக் கோலாலம்பூரில் கிளம்பிய விமானம் இந்திய நேரப்படி பத்து மணி பத்து நிமிடத்துக்குத் திருச்சியில் இறங்கியது. குடியேற்றச் சோதனைக்கு இரண்டு வரிசைகள். இந்தியர்களுக்கு ஒன்று, வெளிநாட்டவர்களுக்கு ஒன்று. என் கணவர் ஹாஜா முதல் வரிசைக்குப் போனார். நான் இரண்டாவதில் நின்றேன். கல்யாணமாகி முப்பத்து நான்கு ஆண்டுகளில் இப்படிப் பிரிந்து நிற்கும்போதெல்லாம் அவர்தான் வெளிநாட்டவராக இருந்திருக்கிறார். அன்றைக்கு முறை மாறியது.

என் பாஸ்போர்ட்டைப் புரட்டிய அதிகாரி, "தமிழ் தெரியுமாங்க?" என்று கேட்டார்.

"கிள்ளான்ல முப்பத்தஞ்சு வருஷம் தமிழ்ப்பள்ளி ஆசிரியை" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். ஓராண்டு விசா. போய்ச் சேர்ந்த பதினான்கு நாட்களுக்குள் காவல்துறையில் பதிய வேண்டும் என்று நினைவூட்டினார்.

ஹாஜா பிறந்தது காரைக்காலுக்குத் தெற்கே உள்ள திருமலைராயன்பட்டினத்தில். ஊரார் பட்டினம் என்று சுருக்கிச் சொல்வார்கள். இருபத்திரண்டு வயதில் மலேசியாவில் எங்கள் ஊரான கிள்ளானுக்கு வந்து, மாமா கடையில் சமையல்காரராகச் சேர்ந்தார். அங்கேயே என்னைக் கட்டிக்கொண்டார், அங்கேயே மகளைப் பெற்றார். ஆனால் இந்தியக் குடியுரிமையை மட்டும் விடவே இல்லை. நான் ஓய்வு பெற்ற மாதம், "ஒரு வருஷம் ஊர்ல இருந்து பாப்போமே" என்றார். அந்தக் குரலில் இருந்த ஆசையை உணர்ந்து ஒரு வருஷம் என்று ஒப்புக்கொண்டேன்.

திருச்சியிலிருந்து காரைக்கால் ஏறக்குறைய 155 கிலோமீட்டர். வாடகைக் கார் 4,800 ரூபாய். தஞ்சாவூர், திருவாரூர், நாகூர் தாண்டி வாஞ்சூரில் ஒரு சோதனைச்சாவடி வந்தது. அதோடு தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி ஒன்றியப் பகுதி தொடங்குகிறது. இரண்டு பக்கமும் ஒரே வெயில், ஒரே கருவேல மரம்.

"எதுவுமே மாறலையே" என்றேன் ஓட்டுநரிடம்.

"பெட்ரோல் விலை மாறும்ங்க. சரக்கு விலை மாறும்ங்க. மத்ததெல்லாம் ஒண்ணுதாங்க."

நாலு மணிக்குப் பட்டினத்தில் ஹாஜாவின் அக்கா வீட்டு வாசலில் இறங்கினோம். அக்காவை அங்கே லாத்தா என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். லாத்தா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "காலையில பசியாறுனியா, இல்ல பிளேன்லயே பட்டினி போட்டுட்டாங்களா?" என்று கேட்டார். பசியாறுவது என்றால் காலை உணவு. கிள்ளானில் நாங்களும் அப்படித்தான் சொல்வோம். அந்த ஒரு சொல்லில் எனக்குப் பாதிப் பயணக் களைப்பு போயிற்று.

ஹாஜா பிறந்து வளர்ந்த வீடு அது. ஆனால் அவருடையது அல்ல. அந்தக் கரையோர முஸ்லிம் குடும்பங்களில் வீட்டை மகளுக்குத்தான் எழுதிவைப்பார்கள். மகன் கல்யாணமாகி மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். மாடியில் இரண்டு அறைகளைத் துடைத்து வைத்திருப்பதாக லாத்தா சொன்னபோது ஹாஜா மறுத்துவிட்டார்.

"எங்க ஊர்ல ஆம்பளைக்கு வீடுன்னா பொண்டாட்டி வீடுதான், லாத்தா. எம் பொண்டாட்டி வீடு கிள்ளான்ல இருக்கு. அதனால வாடகைக்குப் பாத்திருக்கேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். லாத்தா சிரிக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தலத்தெருவுக்குக் குடிபோனோம். காரைக்கால் நகரத்தின் ஓரத்தில் இருக்கும் குடியிருப்பு. மாடி வீடு, வாடகை 9,500 ரூபாய். வீட்டுச் சொந்தக்காரர் பாரிஸ் பக்கம் இருக்கிறார். சாவி கொண்டுவந்தது பக்கத்து வீட்டு வசந்தா. என்னைவிடப் பத்து வயது இளையவள். கணவர் அரசு ஊழியர். நெடுங்காட்டுப் பக்கம் நெல் வயல் இருக்கிறது. அவள் கையில் ஒரே வளையத்தில் நாலு வீட்டுச் சாவிகள் தொங்கின.

"இது உங்க வீடு. இது எதிர்வீடு, அவங்க ரீயூனியன் தீவுல. இது ரெண்டும் பிரான்ஸ். வாரத்துக்கு ஒருநாள் தொறந்து ஜன்னலைத் தட்டிட்டு வருவேன் டீச்சர். ஆள் இல்லாத வீடு சீக்கிரம் வீணாப் போயிடும்."

பல வீட்டு வாசல்களில் பூட்டுத்தான் தொங்கியது. ஊரார் வெளிநாட்டுக்குக் குடிபோன தெருவுக்கு, வெளிநாட்டிலிருந்து நான் குடிவந்திருந்தேன்.

பதிவுக்கான தாள்களைக் கணினி மையத்தில் ஏற்றி ஒன்பதாம் நாள், முகவரியைச் சரிபார்க்க ஒரு பெண் காவலர் வந்தார். கையில் என் பெயர் எழுதிய தாள். என்னிடமே, "இந்த வீட்டுல ஒரு ஃபாரினர் இருக்காங்களாமே, கூப்பிடுங்க" என்றார்.

"நான்தாங்க."

என்னை மேலும் கீழும் பார்த்தார். உடம்பில் பருத்திச் சேலை, தலையில் முக்காடு, கையில் வெங்காயம். "மலேசியாவுலயே பொறந்தீங்களா? அப்ப சொந்த ஊரு?"

"கிள்ளான்."

"அது சரிங்க. சொந்த ஊரு?"

என் பாட்டனார் கப்பலேறியது ராமநாதபுரம் பக்கமிருந்து என்று கேள்விப்பட்டதோடு சரி. அந்த ஊரின் பெயர்கூட எங்களிடம் இல்லை. கிள்ளான் என்றே மறுபடி சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

முதல் மூன்று மாதங்கள் கடினமாகத்தான் போயின. தமிழ் தெரிந்தவளுக்குத் தமிழ் ஊரில் என்ன கஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். மீன்காரம்மாவிடம், "சங்கரா கிலோ எத்தனை வெள்ளி?" என்று கேட்டுவிட்டேன். எங்கள் ஊரில் ரிங்கிட்டை வெள்ளி என்போம். "வெள்ளியா? இது மீனும்மா, நகைக்கடை அந்தாண்ட இருக்கு" என்று அவர் சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவர்கள் சிரித்ததற்காக அல்ல. முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்கு நான் கற்றுக்கொடுத்த மொழி இங்கே என் வாயில் விருந்தாளியாக இருந்தது.

ஹாஜாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவர் மகிழ்ச்சியாக இருக்கிறார் என்று நினைத்தேன். தினமும் காலை ஒன்பது மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு, "பட்டினம் போயிட்டு வர்றேன்" என்று கிளம்புவார். ஒரு மணிக்குத் திரும்புவார். "யாரைப் பாத்தீங்க?" என்றால் பழைய கூட்டாளிகள் பெயர் ஒன்றிரண்டு சொல்வார்.

நான் வசந்தாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ஊரைப் படித்தேன். வங்கி, தபால் நிலையம், மருந்துக்கடை. மண்டபத்தூர்க் கரையில் படகு வந்ததும் போய்க் கூடையிலிருந்தே மீன் எடுக்கலாம் என்று காட்டிக்கொடுத்தாள். நெடுங்காட்டு வயலில் சம்பா நாற்று நட்டபோது வரப்பில் நின்று பார்த்தேன். மீன்காரம்மா என்னை "வெள்ளியம்மா" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். அக்டோபரில் அதற்குத் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டேன்.

அந்த மாதம்தான், ஒரு வியாழக்கிழமை, லாத்தாவிடமிருந்து தொலைபேசி வந்தது. முற்பகல் பதினொரு மணி.

"மும்தாஜ், தம்பிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்காங்க லாத்தா. அங்கதானே வந்திருக்காங்க?"

"இங்கயா? அவன் வந்து மாசம் ஒண்ணாச்சேம்மா. நான் எதுவும் தப்பாப் பேசிட்டேனான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

போனை வைத்தேன். வசந்தாவிடம் போய்ச் சொன்னேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தினாள்.

"சார் தினம் பீச்லதான் டீச்சர் உக்காந்திருப்பாரு. எங்க வீட்டுக்காரரு ஆபீஸ் போறப்ப பாப்பாராம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

மறுநாள் அவர் கிளம்பி அரை மணி கழித்து ஆட்டோ பிடித்தேன். எண்பது ரூபாய். வானம் மூடியிருந்தது. அரசலாறு கடலில் சேரும் பக்கமாக, சிமெண்டு இருக்கையில் தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் மடித்த செய்தித்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துகொள்ளப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பட்டினம் இப்ப இங்க வந்துடுச்சா?" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன்.

செய்தித்தாளை இன்னொரு மடிப்பு மடித்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"நான் தேடி வந்தவன் எல்லாம் துபாய்ல இருக்கான், இல்லன்னா மவுத்தாகி மண்ணுக்குப் போயிட்டான். இருக்கிற வீட்டுக்குப் போனா ஓடிவந்து நாற்காலி போடுறாங்க மும்தாஜ். டீ குடுக்குறாங்க, எப்ப திரும்பிப் போறீங்கன்னு கேக்குறாங்க. சொந்த ஊர்க்காரனுக்கு யாராச்சும் நாற்காலி போடுவாங்களா? லாத்தா வீட்டுலயும் எனக்கு நாற்காலிதான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நாந்தானே உன்னை இழுத்துட்டு வந்தேன். எந்த முகத்தோட சொல்றது?" என் பக்கம் திரும்பி, "திரும்பிப் போயிடுவோம். டிக்கெட் பாக்கட்டுமா?" என்றார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அந்த வார்த்தையைக் கேட்டிருந்தால் அங்கேயே பெட்டி கட்டியிருப்பேன். அன்றைக்கோ எனக்குக் கோபம்தான் வந்தது. கதவைச் சாத்தி நான் அழுத நாட்களில் அவர் இங்கே தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார். ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே துக்கத்தை வைத்திருந்தோம்.

"எனக்கு இங்க யாரையும் தெரியாது. அது தெரிஞ்சேதான் வந்தேன்" என்றேன். "நீங்க தெரியாம வந்துட்டீங்க, அவ்வளவுதான். ஒரு வாரம் நான் போற எடத்துக்கெல்லாம் எங்கூட வாங்க. அப்புறமும் போகணும்னா போவோம்."

வந்தார். வேண்டா வெறுப்பாகத்தான். மண்டபத்தூர் மீன் ஏலத்தை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை. பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் நெடுங்காட்டுக்கும் போனதில்லை. இருபத்திரண்டு வயதில் ஊரை விட்டுப் போனவருக்குத் தெரிந்ததெல்லாம் பட்டினத்தில் நாலு தெருதான். வயல் வரப்பில் வழுக்கி, வசந்தாவின் கணவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். "இதெல்லாம் எங்க இருந்துச்சு?" என்று என்னிடம் கேட்டார்.

நவம்பரில் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்ததில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். வசந்தா வீட்டு அடுப்படிக்குள்ளும் புகுந்துவிட்டது. எங்கள் வீடு மாடி என்பதால் தப்பியது. காலை ஏழு மணிக்கு ஹாஜா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே போய், கதவு கதவாகத் தட்டி எத்தனை பேர் என்று கேட்டுவிட்டு வந்தார். இருபத்தொரு பேர். வசந்தா தன் வீட்டு அரிசி மூட்டையைத் தலையில் வைத்து மேலே கொண்டுவந்தாள். ஹாஜா கிள்ளான் கடைச் சமையலை அங்கே இறக்கினார். நெத்திலி போட்ட சோற்றுப் பிரட்டல், கோழிக் குழம்பு, நுரை பொங்க ஆற்றி ஊற்றிய தேநீர். இரண்டு நாள், ஆறு வேளை. சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனிச் சட்டி.

இரண்டாம் நாள் மாலை, காவலர் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் தட்டை நீட்டி, "பாய், உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார்.

"மழையில நனைஞ்ச உப்புங்க, கணக்கு தெரியல" என்றார் ஹாஜா. அன்று ராத்திரி படுக்கும்போது என்னிடம், "பாத்தியா, கொறை சொல்றாங்க" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவர் குரலை நான் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

டிக்கெட் பேச்சு அதன் பிறகு எழவில்லை. ஜனவரியில் லாத்தாவை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தோம். தம்பியின் வாடகை வீட்டுக்கு வந்தவர், மாடிப்படி உயரம் என்று குறைபட்டுக்கொண்டே மூன்று நாள் தங்கினார். ஏப்ரலில் விசா நீட்டிப்புக்கு எழுதிக் கொடுத்தோம்.

மே மாதம் இரண்டு வாரத்துக்குக் கிள்ளான் போனோம். மகள் விமான நிலையத்துக்கு வந்திருந்தாள். சாலை அகலமாக இருந்தது, கார் சத்தமே இல்லாமல் ஓடியது. எல்லாம் எனக்குத் தெரிந்த இடங்கள். கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்வேன். ஆனாலும் என் வீட்டுச் சமையலறையில் மிளகுத்தூள் எங்கே என்று மகளிடம் கேட்க வேண்டியிருந்தது. அவள் இடம் மாற்றிவிட்டாள். எனக்கு அது வருத்தமாக இல்லை என்பதுதான் ஆச்சரியம். பிறந்த ஊரும் நாம் இல்லாதபோது தன் பாட்டுக்கு இடம் மாறிக்கொள்கிறது. ஹாஜா நாற்பது வருஷம் கழித்துக் கண்டதை நான் பதினோரு மாதத்தில் கண்டேன். எனக்கு லாபம்தான்.

சனிக்கிழமை மதியம் அவருடைய பழைய கடைக்குச் சாப்பிடப் போனோம். கல்லாவில் இருந்தவரும், பரோட்டாக் கல்லில் நின்றவரும், பழைய வாடிக்கையாளர் இரண்டு பேரும் சூழ்ந்துகொண்டார்கள். அங்கே அண்ணனை நானா என்பார்கள்.

"என்ன ஹாஜா நானா, ஊரு எப்படி இருக்கு?"

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் கையைக் காட்டினார்.

"இவகிட்ட கேளுங்க. எனக்கு நாலு தெருதான் தெரியும். ஊர்க்காரி இவதான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கிருந்து தொடங்குவது என்று ஒரு கணம் திகைத்தேன். பிறகு, "இப்ப அறுப்பு முடிஞ்ச வயல்ல உளுந்தும் எடுத்தாச்சு" என்று ஆரம்பித்தேன்.