கிணற்றில் விட்ட நீர்மூழ்கி

அரூர் வட்டாரத்தில் கிணற்றுக்குள் நீர்மூழ்கி விட்டவன் நான் ஒருவன்தான். பழைய இரும்பு டேங்க்கை வெல்டிங் வைத்து, ஓர் ஆள் குந்தும் அளவுக்கு, இரண்டு வருடம் பாடுபட்டுச் செய்தேன். ஓட்ட ஒரு மோட்டார், அதற்கு இரண்டு பேட்டரி. ஒன்று டிராக்டருடையது. இன்னொன்றை வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து கழற்றினேன். அதற்கு என் மனைவி ஒரு நிபந்தனை போட்டாள்.

"விஜயதசமி அன்னிக்கு இந்தச் செவுத்துல இருந்து அந்தச் செவுரு வரைக்கும் தண்ணிக்குள்ளயே போயிக் காட்டுங்க. இல்லன்னா இது மாட்டுக்குத் தண்ணித் தொட்டி."

ஆயுத பூஜையன்று காலையில் மண்வெட்டி, ஸ்பேனரோடு பேட்டரிகளையும் வரிசையில் வைத்தாள். மற்றதற்கெல்லாம் ஒரு பொட்டு. பேட்டரி முனைகளுக்கு மட்டும் சந்தனத்தைக் கனமாக அப்பினாள். எனக்கு ஒரே பெருமை.

படைத்த சாமானை அன்று தொடக்கூடாது என்றாள். சார்ஜ் போடுவது வேலை வாங்குவது அல்ல, சோறு போடுவது என்று வாதாடி ஜெயித்தேன். ஆனால் படைத்த சந்தனத்தை அன்றே துடைக்க எனக்கே மனசு வரவில்லை. பேட்டரிகளை டேங்க்குக்குள் இறக்கி, காய்ந்த சந்தனத்தின் மேலேயே கிளிப்பைக் கவ்வ விட்டேன். சார்ஜ் ஏறும்போது வரும் வாயு உள்ளே தேங்காமலிருக்க டேங்க் மூடியைத் திறந்துவைத்தேன். அவ்வளவு விவரமானவன். சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது. சார்ஜருக்குக் கரண்ட் வருவதை மட்டும் சொல்லும் விளக்கு அது.

மறுநாள் காலை சந்தனத்தைத் துடைத்து ஒயரை மாட்டினேன். கிணற்றைச் சுற்றிப் பாதி ஊர் நின்றது. மூழ்கினேன். பழைய சார்ஜ் கொஞ்சம் மிச்சமிருந்ததால் மோட்டார் நடுக்கிணறு வரை போய் முனகி நின்றது. பேசிவைத்தபடி டேங்க்கை மூன்று முறை தட்டினேன். மச்சினன் தூர் வாரும் கிரேனை வைத்து என்னைச் சேறு அள்ளுவதுபோல் தூக்கிக் கரையில் வைத்தான்.

"சந்தனத்துக்குத்தான் சார்ஜ் ஏறியிருக்குது மாமா" என்றான், சார்ஜர் கிளிப்பில் ஒட்டியிருந்த சந்தனத்தைக் காட்டி. ஊர் சிரித்தது. என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் இன்வெர்ட்டர் பேட்டரியைத் திருப்பி மாட்டுமுன், மாதாமாதம் செய்வதுபோல, அதன் முனைகளை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். முனையில் அழுக்குப் படிந்தால் கரண்ட் ஏறாது என்பது அவளுக்குத் தெரியும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"தெரிஞ்சேதான் அப்புனியா?"

"கொஞ்சங்கூட நகராதுன்னு நெனச்சேன். நீங்க நடுக்கெணத்துல நின்னதும் எனக்கு உசுரே போயிடுச்சுங்க" என்றாள். கை தேய்ப்பதை நிறுத்தவில்லை.

வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. மறுநாள் நானே டேங்க்கின் மேல்பாதியை அறுத்துத் தொட்டியாக்கினேன். மாடுகள் அதில்தான் குடிக்கின்றன. மோட்டாரை மட்டும் பரண்மேல் ஒளித்து வைத்தேன். போன ஆயுத பூஜைக்குப் பார்த்தால், அதற்கும் சந்தனம் வைத்திருந்தாள்.