சகல அவகாசங்களும்

என் தாய்மாமனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல் என்று யாராவது கேட்டால், அவருடைய கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று சொல்வேன். அதை நான் கடைசியாகப் பார்த்தது எங்கள் வீட்டை இன்னொருவருக்கு விற்ற பத்திரத்தில். அம்மாவின் பெயரை எழுதி, அதற்குக் கீழே அன்னாருக்காக முக்தியார் ஏஜெண்டு என்று மலையாளத்தில் எழுதி, அதற்கும் கீழே தன் பெயரைப் போட்டிருந்தார். ஒரு எழுத்துகூடக் கோணியிருக்கவில்லை.

மதராஸில் பவர் என்று சொல்வதைத்தான் திருவனந்தபுரத்தில் முக்தியார் என்பார்கள். என் சொத்தை வைத்து நான் என்னென்ன செய்யலாமோ அத்தனையையும் எனக்காக நீ செய்யலாம் என்று ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிடுவது. எழுதிக் கொடுக்கிறவர் பிறகு எங்கே வேண்டுமானாலும் போய் நிம்மதியாக இருக்கலாம். அம்மா அப்படித்தான் மதராஸில் என்னோடு வந்து நிம்மதியாக இருந்தாள்.

எங்கள் வீடு சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. இரண்டு அறை, ஒரு அடுக்களை, பின்னால் கிணறு. அப்பா பாத்திரக்கடை நடத்திய நல்ல நாளில் அதை அம்மா பெயரிலேயே வாங்கியிருந்தார். அவர் போனதும் கடையும் போயிற்று. வீடு மட்டும் மிஞ்சியது. வந்தவர் போனவரிடமெல்லாம் பேச்சோடு பேச்சாக, "இது என் பேர்ல உள்ள வீடாக்கும்" என்று அம்மா சொல்லிவிடுவாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். தென்காசிப் பக்கத்தில் ஓட்டு வீட்டில் எட்டுப் பேரோடு வளர்ந்தவளுக்குத் தன் பெயரில் ஒரு சுவர் இருப்பது என்ன என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு மதராஸில் ஒரு அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா வேலை கிடைத்தது. தனியாகப் போய்ச் சமைத்துச் சாப்பிட எனக்குத் துப்பில்லை. அம்மா வரமாட்டேன் என்றாள். இரண்டு வருஷத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு பக்கத்தில் எங்காவது வந்துவிடுகிறேன், நீ உன் வீட்டுக்கே திரும்பிவிடலாம் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அதன்பிறகுதான் இறங்கி வந்தாள்.

அப்போது மாமா வந்தார். அம்மாவின் ஒரே தம்பி. இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். வீடு, கடை, நிலம் என்று ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு முடித்துக் கொடுக்கும் தரகுதான் அவர் தொழில். அவர் பேசும் தமிழில் பாதி மலையாளமாக இருக்கும், மலையாளத்தில் பாதி தமிழாக இருக்கும். இரண்டிலும் கேட்பவர் மனம் இளகிவிடும்.

"அக்கா, ரெண்டு வருஷம் எனக்கு அவகாசம் தா. அதுக்குள்ள சொந்தமா ஒண்ணு பாத்துக்கிடுதேன். அதுவரைக்கும் உன் வீட்டுல இருந்து அதை நோக்கிக்கிடுதேன், கேட்டியா" என்றார். "கரம் அடைக்கணும், அதான் வீட்டு வரி, கோர்ப்பரேஷனுக்குப் போணும். எல்லாத்துக்கும் நீ மதராஸ்லேர்ந்து வந்து கையெழுத்துப் போட்டு ஒப்பிட முடியுமா? சும்மா ஒரு முக்தியார். பேடிக்க ஒண்ணுமில்ல, பயப்படாத."

அம்மாவுக்கு அந்தப் பேச்சு முழுவதும் பிடித்திருந்தது. இரண்டு வருஷம் என்று நான் சொன்ன கணக்கும் தம்பி கேட்ட கணக்கும் ஒன்றாக இருந்தது வேறு அவளுக்குச் சந்தோஷம். விற்க வேண்டும் என்று மாமா அன்றைக்கே மனதில் வைத்திருந்தாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. வைத்திருந்தார் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதி.

சப் ரிஜிஸ்திரார் ஆபீஸுக்கு மூன்று பேரும் போனோம். அதற்கு முன்னால் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் படித்தது முழுக்க மலையாளத்தில். காலேஜில் என்னோடு இருந்தவர்களில் பலருக்கு நான் வீட்டில் தமிழ் பேசுகிறவன் என்பதே தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டேன். பாண்டி என்று அங்கே ஒரு சொல் உண்டு. மலைக்கு அந்தப் பக்கத்துக்காரன் என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. ஆனால் சொல்கிறவன் உதட்டைச் சுழிக்கிற சுழிப்பில் என்னவெல்லாமோ சேர்ந்துவிடும். அந்தச் சுழிப்புக்குப் பயந்து மூன்று வருஷம் ஒருவனையும் வீட்டுக்குக் கூட்டி வராமல் ஓட்டினேன். அந்த ஆபீஸில் பத்திரத்தை வாசிக்க எடுத்த குமாஸ்தா, என் வகுப்பில் எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன். என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

வேகமாக வாசித்துக்கொண்டே போனான். கடைசிப் பக்கத்தில், "மேப்படி வஸ்துவில் எனிக்குள்ள சகல அவகாசங்களும் கைமாற்றம் செய்யுந்நதினும்" என்று வந்தது. மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. கைமாற்றம் என்றால் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிடுவது. இருபத்தைந்து வருஷம் அந்த ஊரில் இருந்தும் அம்மாவுக்குத் தெரிந்தது சந்தை மலையாளம்தான். மீனுக்கும் மரச்சீனிக்கும் விலை பேச அது போதும், பத்திரத்துக்குப் போதாது. அவள் காதில் விழுந்தவை இரண்டும் அவளுடைய ஊர் வார்த்தைகள். அவகாசம் என்றால் தம்பி கேட்ட தவணை. கைமாற்று என்றால் இன்றைக்கு வாங்கி நாளைக்குத் திருப்பித் தருவது. அவளுக்கு எல்லாம் சரியாகப் பொருந்திவிட்டது. ஒன்றே ஒன்றுதான் விட்டுப்போயிருந்தது.

என்னைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டாள். "ஏய்யா, அவகாசம் எத்தனை நாளைக்குன்னு அதுல போட்டிருக்காவளா?"

குமாஸ்தா தலை நிமிர்ந்தான். "அவகாசத்தினு எத்ர திவசமெந்நோ?" என்று பக்கத்து மேஜைக்காரனிடம் திருப்பிச் சொன்னான். உரிமை எத்தனை நாளைக்கு என்று இந்த அம்மாள் கேட்கிறாள் என்று நான்கு மேஜையும் சிரித்தது. பாண்டி என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் கேட்டது.

அந்த இடத்தில் நான் செய்ய வேண்டியது ஒரு நிமிஷ வேலை. அம்மா, நீ நினைக்கிற அர்த்தம் இல்லை, வீட்டை விற்கவும் இதில் அதிகாரம் இருக்கிறது என்று தமிழில் சொல்லியிருக்க வேண்டும். தமிழில் என்பதுதான் சங்கடம். அதற்குப் பதிலாக, என் முன் பெஞ்சுக்காரனைப் பார்த்து நல்ல மலையாளத்தில், "அம்மய்க்கு செவி கேள்க்கில்லா" என்றேன்.

அம்மாவுக்குக் காது கேட்காது என்று நான் சொன்னதை அவன் நம்பிவிட்டான். இரக்கப்பட்டு, அதே வரியை இன்னும் ஒருமுறை தொண்டை கிழியக் கத்தி வாசித்தான். செவி என்ற சொல் இரண்டு மொழியிலும் ஒன்றுதான். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். தமிழில் தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினாள், பெருவிரல் ரேகையும் வைத்தாள். சாட்சிக் கையெழுத்துக்கு ஒருவர் குறைந்தது. நானே போட்டேன்.

வெளியே வந்து மாமா டீ வாங்கப் போன நேரத்தில், விரல் மையைச் சுவரில் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "எனக்குக் காது நல்லாத்தான கேக்கு. ஏன் அப்படிச் சொன்ன?"

"சீக்கிரம் முடியட்டும்னுதான்."

"ரெண்டு வருஷம்னு போட்டிருக்குல்லா?"

"மாமா பாத்துக்கிடுவாரு" என்றேன். அம்மா அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் நானும் அப்படிச் சொன்னேன். பவர் பத்திரம் என்றால் விற்கிற வாசகமும் வழக்கமாக இருக்கும், சொந்த மாமா விற்றா விடுவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது வருஷம் மாமாவிடமிருந்து கடிதம் வருவது நின்றது. எனக்கு லீவு கிடைத்ததும் அம்மாவோடு புறப்பட்டுப் போனேன். எங்கள் வாசலில் வேறு ஒரு குடும்பத்தின் செருப்புகள் கிடந்தன. வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஒரு பள்ளிக்கூட வாத்தியார். எங்களை உட்கார வைத்து, பாலில்லாத கட்டங்காப்பி கொடுத்து, தன் ஆதாரத்தைக் கொண்டுவந்து காட்டினார். அந்த ஊரில் பத்திரத்துக்கு ஆதாரம் என்று பெயர். மாமாவின் கையெழுத்தை நான் பார்த்தது அப்போதுதான். அம்மா தன் வீட்டில் விருந்தாளியாகக் காப்பி குடித்தாள். எழுந்து போய்க் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். அந்த மனிதரின் மேல் கோபப்பட ஒரு காரணமும் கிடைக்காதது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

மாமாவை நாகர்கோவிலில் பிடித்தோம். பணத்தைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை, அது எங்கள் கண்ணில் படவே இல்லை. "நான் ஆதாரப்படிதான் செஞ்சேன். வாசிச்சுக் கேட்டுத்தான அக்கா ஒப்பிட்டா? இவனும் நின்னானே" என்றார் மாமா, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு. ஆள் கல்லுளிமங்கன். அம்மா அழுதாள். அவர் சட்டையைப் பிடிக்க எனக்குக் கை வரவில்லை.

திருவனந்தபுரத்துக்குத் திரும்பி வந்து வஞ்சியூர் கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீலைப் பார்த்தோம். கரமனை அக்கிரகாரத்துக்காரர். எங்கள் இருவரிடமும் தமிழிலேயே பேசினார். அம்மா நடந்ததைச் சொன்னாள். அவகாசம் என்றால் இரண்டு வருஷத் தவணை என்று தாங்கள் நம்பிவிட்டதாகச் சொன்னாள். தாங்கள் என்று பன்மையில் சொன்னாள். நானும் அவளைப்போலவே ஏமாந்துவிட்டேன் என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள்.

வக்கீல் முக்தியார் பத்திரத்தின் நகலைப் புரட்டினார். "சாட்சிக் கையெழுத்து யாரோடது?"

"என்னோடது."

"உமக்கு மலையாளம் வாசிக்கத் தெரியுமோ?"

"தெரியும்."

"அவகாசம்னா என்ன அர்த்தம்னு அன்னிக்கே தெரியுமோ?"

அம்மா பக்கத்து நாற்காலியில் இருந்தாள். தெரியும் என்றேன். காது கேட்காது என்று சொன்னதையும் அவரே ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிவிட்டார். அம்மாவின் பக்கம் நான் திரும்பவில்லை.

"கேஸ் கஷ்டம்தான்" என்றார். "ஒரே ஒரு பிடி இருக்கு. அம்மாவுக்குப் புரியலேன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சும் சொல்லலே, பொய்யும் சொல்லி ஒப்பிட வச்சேன்னு நீர் கூண்டுல ஏறிச் சொல்லணும். சாட்சி போட்டவனே சொன்னா கோர்ட்டு யோசிக்கும். ஆனா உம்ம உத்தியோகத்துக்கு அது நல்லதில்லே. அதையும் சொல்லிடறேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன். வெளியே ரோட்டுக்கு வந்தோம். பஸ் ஸ்டாப்பில் நிழலுக்கு ஒதுங்கி நின்றபோது, என்னைப் பார்க்காமல் அம்மா சொன்னாள்.

"கேஸெல்லாம் வேண்டாம்யா. கோர்ட்டுல போயி நின்னு அப்படியெல்லாம் நீ சொல்லணுமா? வேண்டாம். வீடு போனா போகுது."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். இல்லம்மா, நான் போய்ச் சொல்கிறேன் என்று நான் சொல்வேனா என்றுதான் பார்த்தாள். அது எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. பிற்பாடு யோசித்துக் கண்டுபிடித்த விஷயம் இல்லை.

"சரிம்மா" என்றேன். பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.