கரி அண்டாவும் ஜெர்மனி போன மருமகளும்

புளியும் சாம்பலும் சேந்த ஒரு வாடை...

அம்பாசமுத்திரத்துல நம்ம வாடகைப் பாத்திரக் கடை குடோனுக்குள்ள நுழைஞ்சா அந்த வாடைதான் மொதல்ல மூக்குல ஏறும். அப்புறம் ஒரு குரல் வரும். அண்டா அடுக்குக்குப் பின்னால இருந்து ஒரு பொம்பளப்பிள்ள, செல்லு, நரம்பு, மைட்டோகாண்ட்ரியான்னு சொல்லிக்கிட்டே இருக்கும். பித்தளையிலயும் செம்புலயும் மோதி எதிரொலிச்சு, நாலு கோமதி படிக்க மாதிரி கேக்கும்.

கோமதி எங்க அக்கா மக. நீட் பரீட்சைல மொத தடவ கொஞ்ச மார்க்குல சீட்டு போச்சு. ஹால்ல கை நடுங்கிருச்சு மாமான்னா. அதுக்கப்புறம் பிள்ள வாசல்ல தலகாட்டல. தலகாட்டுனா "எத்தன மார்க்குட்டி?"ன்னு தெருவே கேக்கும். அத்தான் வேற, "இன்னும் ஒரே ஒரு தடவ. அதுலயும் போச்சுன்னா பேசாம இங்கன காலேஜ்ல சேந்துரு"ன்னுட்டாரு.

நான் சொன்னேன், "எங்கிட்ட அனுப்புங்க. என் குடோனுக்குள்ள வந்து எவன் மார்க்கு கேக்கான்னு பாப்போம்."

நான் எட்டாங்கிளாஸ். அத முடிச்சேனா இல்லையாங்கறதுல வாத்தியாருக்கும் எனக்கும் இன்னைக்கும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனா எத்தன தலைக்கு எத்தன அண்டாங்கற கணக்குல என்ன அடிக்க, தாமிரபரணிக்கு ரெண்டு கரையிலயும் ஆள் கெடையாது. நம்ம பெரிய அண்டாவுல ஒரு ஆனக்குட்டி படுத்து உறங்கலாம். ஒரு தடவ உறங்கவும் செஞ்சுது... அது வேற கத.

அந்த அண்டாதான் அவளுக்கு போர்டு.

பாத்திரம் திரும்பி வந்தா உள்பக்கத்தத்தான் தேய்ப்போம். அடிப்பக்கம் விறகடுப்புல வெந்து வெந்து கன்னங்கரேல்னு இருக்கும். அதக் கவுத்திப் போட்டு சாக்பீஸ்ல வட்டம் வரைவா. சுத்தி அம்புக்குறி, இங்கிலீஷ் எழுத்து. திங்கிற சோறு உடம்புக்குள்ள எப்படி சக்தியா மாறுதுங்கற படமாம். நான் பாத்த உடனே புரிஞ்சுக்கிட்டேன். பிள்ள சொல்லித் தரட்டுமேன்னுதான் புரியாத மாதிரி இருந்தேன்.

ஒரு முகூர்த்தத்துக்கு அவசரத்துல அந்த அண்டா அப்படியே வண்டில ஏறிருச்சு. கல்யாண வீட்டுல இருந்து சமையல் மாஸ்டர் போன்ல கத்துதாரு.

"அண்ணாச்சி, அண்டா அடில என்னவே எழுதிருக்கு? வட்டம், அம்பு... செய்வினையா? பொண்ணோட அம்மா பாத்துட்டு அழுதாவ. நான் இதுல அரிசி போட மாட்டேன்."

உண்மையச் சொன்னா சாயங்காலமே குடோன் வாசல்ல ஊர் வந்து நிக்கும்.

"அது ஜெர்மன் எழுத்துவே. எம் மருமக ஜெர்மனில படிக்கா. லீவுக்கு வந்தப்ப எழுதிப் பழகுனா. அதுல பொங்குனா ராசி."

"அப்பம் சரி"ன்னு போன வச்சுட்டாரு.

அன்னையிலருந்து கோமதி ஜெர்மனில. ஆனா ஒரு பொய்ய ஒரே மாதிரி ரெண்டு தடவ சொல்ல நமக்கு வராது. ஜவுளிக்கடை பிச்சையா அண்ணன் கேட்டதுக்கு, கோயம்புத்தூர்ல பேங்க் பரீட்சைக்குப் படிக்கான்னு சொல்லி வச்சேன்.

பரீட்சை நாளும் வந்துச்சு. சென்டர் திருநெல்வேலில. பஸ்ல ஜன்னலோரம் அவ, துப்பட்டாவால முகத்த மூடிக்கிட்டு. மடில கை ரெண்டும் நடுங்குது.

"மாமா, எறங்கி வீட்டுக்குப் போயிருவமா?"ன்னா பைய.

"டிக்கெட் காச திருப்பித் தர மாட்டாவட்டி"ன்னேன். அதுக்கும் அவ சிரிக்கல.

வீரவநல்லூர்ல ஏறுனது யாருங்க? அந்த சமையல் மாஸ்டர். எங்களுக்கு முன்சீட்டுல ஏற்கெனவே உக்காந்திருந்தது பிச்சையா அண்ணன்.

"அண்ணாச்சி, ஜெர்மனி மருமக சொகமா இருக்காளா?"ன்னாரு மாஸ்டர்.

பிச்சையா அண்ணன் திரும்பினாரு. "ஜெர்மனியா? அவ கோயம்புத்தூர்ல்லா இருக்கா."

"உமக்கு என்னவே தெரியும்? அவ எழுதுன ஜெர்மன நான் இந்தக் கண்ணால பாத்தேன். அதுல சோறே பொங்குனேன்."

"ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கலன்னு அண்ணாச்சி இட்லிப்பொடி அனுப்புனாரு. அது எங்க, ஜெர்மனிக்கா போச்சு?"

ரெண்டு பேரும் எம்பக்கம் திரும்பிட்டாவ. "சொல்லும்வே, பிள்ள எங்கதான் இருக்கா?"

பக்கத்துல துப்பட்டா குலுங்குது. ஐயோ, அழுதாளேன்னு பாத்தா... சிரிக்கா. ஒரு வருசமா நான் பாக்காத சிரிப்பு. துப்பட்டாவ எடுத்துட்டு அவளே சொன்னா:

"இங்கனதான் இருக்கேன் பெரியப்பா. நீட் எழுதப் போறேன். போன வருசம் கெடைக்கல. இது ரெண்டாவது தடவ."

மாஸ்டர் அவள மேலயும் கீழயும் பாத்தாரு.

"அதுக்கு எதுக்குட்டி ஜெர்மனி போன?"

பஸ்ஸே சிரிச்சுது. நூறு பேரு இருக்கும். சரி, நாப்பது. பிச்சையா அண்ணன் மக வீட்டுக்கு வாங்கிட்டுப் போன நுங்கப் பிரிச்சு அவ கைல குடுத்தாரு. "சாப்புட்டுட்டுப் போயி எழுது. கெடைக்கலன்னா மறுக்கா எழுது. நாங்க என்ன ஊர விட்டா ஓடிப்போறோம்?" ஸ்டாப்பே இல்லாத எடத்துல, சென்டர் கேட்டுக்கு நேரா விசிலடிச்சு நிப்பாட்டுனாரு கண்டக்டர்.

எறங்குறப்ப அவ கையப் பிடிச்சேன். நுங்குத் தண்ணி பிசுபிசுன்னு இருந்துச்சு. நடுக்கம் இல்ல.

அந்தத் தடவ சீட்டு கெடைச்சுது. மார்க்க மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க, கூட்டிச் சொல்லிருவேன். இப்ப டாக்டர் கோமதி, களக்காடு பக்கம் ஒரு ஆஸ்பத்திரில இருக்கா.

எனக்குத்தான் வேல போச்சு. அப்ப அவளப் பத்தித் தெரியணும்னா ஊரே எங்கிட்டதான் வரணும். இப்ப நேரா அவகிட்டயே போயி நாக்க நீட்டுதாவ.

போன மாசம் குடோனுக்கு வந்தா. ஒவ்வொரு அண்டாவா கவுத்திக் கவுத்திப் பாக்கா. இப்பல்லாம் கேஸ் அடுப்புதான... அடிப்பக்கம் பளபளன்னு மூஞ்சி தெரியுது. சாக்பீஸ் வச்சா வழுக்கும்.

"மாமா, ஒரு கரி அண்டா கூடவா இல்ல?"

"எல்லாம் ஜெர்மனி போயிருக்குட்டி"ன்னேன்.

சிரிச்சா பாருங்க, அதே பஸ் சிரிப்பு... குடோன் முழுக்க நாலு கோமதி சிரிச்சாவ.